இரண்டாம் பக்கம், மூன்றாவது மெட்டு

ஆர்ட்காரி, ஸ்காட்லாந்து
12 செப்டம்பர் 1977

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் ஓர்லாவும் இருக்கிறோம். அவளுக்கு இருமல், எனக்கு அதே மணிக்கட்டு வலி. மழை வருவது எனக்குத் தெரிவதற்கு முன்னால் அதற்குத் தெரிந்துவிடுகிறது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? தபால் ஆபீஸ் கல்தரையில் வெறுங்காலோடு நிற்காதே.

படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு. ஊருக்கு வரும் தபால் பையை நீ ஒருத்திதான் பிரிக்கிறாய் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். போன் மட்டும் வேண்டாம். எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருப்பது என் புருஷனுடைய சித்தி மகள். எட்டு மாதமாக நான் எங்கே இருக்கிறேன் என்பது டொமினிக்குக்குத் தெரியாது, அது அப்படியே இருக்கட்டும். இங்கே நான் கெர் அம்மாள், விதவை, பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரிப்பவள். கதவை யார் தட்டினாலும் ஓர்லா மேஜைக்கு அடியில் போய்விடுகிறாள். ஏழு வயதுக் குழந்தை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

போன சனிக்கிழமை மீனவர் மண்டபத்தில் ஒரு குழு வாசித்தது. ‘சாம்பல் நாரை’ என்று பெயர். நாலு பேர்: ஒரு பிடில், ஒரு புல்லாங்குழல், ஒரு அக்கார்டியன், ஆட்டுத்தோல் மேளத்தோடு ஒரு பெண். பாட்டெல்லாம் நம் பக்கத்துப் பழைய மெட்டுகள்தான். ஆனால் அவர்கள் வாசித்தால் அப்போதுதான் பிறந்த மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு மெட்டுக்கும் முன்னால், இதை இன்ன ஊர் இன்னாரிடமிருந்து வாங்கினோம் என்று சொல்லிவிட்டுத்தான் பிடில்மேல் வில்லை வைக்கிறார்கள். சாப்பாட்டுக்கு முன் ஜெபம் சொல்வதுபோல. ஓர்லா என் மடியிலேயே தூங்கிவிட்டாள். நானும் அன்று எழுந்து எழுந்து தாழ்ப்பாளைப் பார்க்கவில்லை.

அவர்கள் இசைத்தட்டு இத்துடன் இருக்கிறது. நம் ஊர் ஆட்களுக்குப் போட்டுக் காட்டு. நான் கேட்பதை அங்கேயும் நாலு பேர் கேட்கிறார்கள் என்றால் எனக்கு ஆறுதலாக இருக்கும். யார் கொடுத்தது என்று கேட்டால் கடையில் வாங்கினேன் என்று சொல்.

உன் தங்கை
(பெயர் வேண்டாம்)

*

க்ளூன்கர், ஸ்லைகோ, அயர்லாந்து
3 அக்டோபர் 1977

அன்புள்ள இமெல்டா,

முழங்கால் கழுதைபோல அதன் இஷ்டத்துக்கு நடக்கிறது, மற்றபடி சுகம். ஓர்லாவுக்குத் தேனும் வெங்காயச் சாறும் கொடு. உறைமேல் ‘கெர் அம்மாள்’ என்று எழுதும்போது கை கூசுகிறது. உன் கடிதத்தை எரித்துவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். மாவு டப்பாவுக்குள் இருக்கிறது.

ஊரில் நீ பர்மிங்ஹாமில் ஒரு பஸ் கண்டக்டரோடு இருப்பதாகப் பேச்சு. டொமினிக் நீ திரும்பி வரவேண்டுமென்று மாதா மாதம் பூசை வைக்கிறான். பூசை முடிந்து பெண்களெல்லாம் அவன் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். பார்த்துக்கொண்டு நிற்கிறேன், என்ன செய்ய.

இசைத்தட்டுக்கு வருகிறேன். முதலில் தனியாகக் கேட்டேன். பிறகு அடுப்பை அணைக்க மறந்து மறுபடி கேட்டேன். சின்ன ஃபாதர் கல்லினனிடம் சாவி வாங்கி, வியாழன் மாலைகளில் பங்குக் கோயில் மண்டபத்தில் போட்டுக் காட்டுகிறேன். அவர் தெற்கே கார்க்கிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, சங்கீதத்தில் ஜடம், ஆனால் நல்ல பிள்ளை. பார்ட்லி ஃபீனி முதல் மெட்டைக் கேட்டுவிட்டு, “யாரு துரத்துறாங்க இவங்கள?” என்றார். நேன் டர்கின், அமெரிக்கக் குதிரைக்காரப் பாட்டு இல்லையா என்று கேட்டுவிட்டுப் பின்னலை எடுத்துக்கொண்டாள். மூன்றாவது மெட்டில் பின்னல் ஊசி நின்றுவிட்டது. அப்போதே தெரிந்துவிட்டது, ஆள் விழுந்துவிட்டாள் என்று.

பதினோரு பேர் வந்தார்கள். பார்ட்லி, நேன், அவள் புருஷன், சின்ன ஃபாதர், தபால்காரன் டாமி, ஹீலி சகோதரிகள் மூன்று பேர், பால் பண்ணை கணக்கர், அவர் மனைவி. அடுத்த தட்டு வந்தால் உடனே அனுப்பு.

கடவுள் உங்கள் இருவரையும் பார்த்துக்கொள்ளட்டும்.
அட்ராக்டா

*

ஆர்ட்காரி
30 அக்டோபர் 1977

அன்புள்ள அக்கா,

இருமல் போய்விட்டது. வெங்காயச் சாறு கொடுத்ததற்கு ஓர்லா இரண்டு நாள் உன்னோடு பேசமாட்டாளாம்.

நேனின் ஊசி நின்றதைப் படித்துச் சமையலறையில் தனியாகச் சிரித்தேன். அங்கே அவசரப்பட்டு வேகமான மெட்டுகளை முதலில் போடாதே. முதல் பக்கம் கடைசியில் இருக்கிற மெதுவான ராகத்திலிருந்து ஆரம்பி. ஆட்கள் உட்கார்ந்து, மூக்கைச் சிந்தி, கோட்டு பட்டனைக் கழற்றட்டும். பிறகு குதிரையை அவிழ்த்துவிடலாம்.

ஒன்று கேட்க வேண்டும். பதினோரு பேர் என்று எழுதியிருந்தாய். எண்ணிப் பார்த்தேன், பத்துப் பேர்தான் இருக்கிறார்கள். மூன்று தடவை எண்ணினேன். பதினோராவது ஆள் யார்?

உடனே எழுது.
உன் தங்கை

*

க்ளூன்கர்
21 நவம்பர் 1977

அன்புள்ள இமெல்டா,

எல்லோரும் சுகம். இங்கே முதல் உறைபனி விழுந்துவிட்டது. கம்பளி உறை ஒன்று தனியாக அனுப்பியிருக்கிறேன், உன் மணிக்கட்டுக்கு.

பதினோராவது ஆள் நான்தான். என்னை எண்ணாமல் யாரை எண்ணுவது?

இப்போது இருபத்திமூன்று பேர் வருகிறார்கள். நீ சொன்னபடி மெதுவான ராகத்தில் ஆரம்பித்தேன், மந்திரம் போட்டதுபோல வேலை செய்தது. உன் நாரைகள் யாரிடம் எதை வாங்கினார்கள் என்று அட்டையின் பின்னால் அச்சடித்திருப்பதை நான் சத்தமாக வாசிக்காவிட்டால் பார்ட்லி தட்டைப் போட விடுவதில்லை. “யார் வீட்டு மெட்டுன்னு தெரியாம கேக்கறது, யார் வீட்டுச் சோறுன்னு தெரியாம திங்கற மாதிரி” என்கிறார். தன் மெட்டைத் தம்பி தன்னுடையது என்று சொல்லிவிட்டான் என்பதற்காக ஒன்பது வருஷம் அவனோடு பேசாமல் இருந்த மனுஷர், வேறெப்படிப் பேசுவார். தம்பி செத்த பிறகுதான் மன்னித்தார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அட்ராக்டா

*

ஆர்ட்காரி
20 ஜனவரி 1978

அன்புள்ள அக்கா,

இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னித்துவிடு. நாங்கள் சுகம்தான். உன் கம்பளி உறையைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். எழுதத் தைரியமில்லாமல் இருந்தது, அதுதான் காரணம்.

நாரைகளின் இரண்டாவது தட்டு இந்தப் பார்சலில் இருக்கிறது. தயவுசெய்து முதலில் நீ மட்டும் கேள். இரண்டாம் பக்கம் மூன்றாவது, அப்பாவின் மெட்டு.

பிடில் வாசிக்கிற கொன்னல் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட வந்திருந்தான். நான் பாத்திரம் கழுவிக்கொண்டு என்னையறியாமல் அதை முனகியிருக்கிறேன். வாசலில் நின்று முழுக்கக் கேட்டுவிட்டான். மறுபடி பாடச் சொன்னான். பாடினேன் அக்கா. அப்பா சாகும்வரை நம் வீட்டு அடுப்படியைத் தவிர வேறெங்கும் வாசிக்காத மெட்டு. வைக்கோல் வெட்டும் இயந்திரத்தில் விரல் போனதால் எட்ட முடியாத அந்த ஒரு சுரத்துக்குப் பதிலாகக் குதிகாலால் இரண்டு தட்டுத் தட்டுவாரே, அதையும் தட்டிக் காட்டினேன். யாராவது என்னிடம் எதையாவது கேட்டு, நான் கொடுக்க முடிந்து எத்தனை நாளாகிவிட்டது என்று நினைத்துப் பார்.

பெயர் போடாதே என்று கெஞ்சினேன். “சொல்லாம போட்டா அது திருட்டும்மா” என்றான். கடைசியில் பெயர் போடவில்லை, ஆனால் அவன் மனசாட்சிக்கு ஏதாவது போட்டாக வேண்டும். அட்டையில் இப்படி இருக்கிறது: ‘ஆர்ட்காரி பள்ளிச் சமையலறையில் வேலை செய்யும் ஒரு ஸ்லைகோப் பெண்ணிடமிருந்து, அவர் தன் தந்தையிடமிருந்து.’ அச்சான பிறகுதான் பார்த்தேன். நல்லது செய்ததாக நினைத்துச் சிரித்துக்கொண்டு கொண்டுவந்து கொடுத்தான்.

டொமினிக் ஏழு குளிர்காலம் அப்பாவின் அடுப்படியில் உட்கார்ந்தவன். அந்த இரண்டு குதிகால் தட்டு அவனுக்குத் தெரியும். இந்த இசைத்தட்டை மண்டபத்துக்குக் கொண்டுபோகாதே. அட்டையை யார் கையிலும் கொடுக்காதே.

உன் தங்கை

*

க்ளூன்கர்
27 ஜனவரி 1978

இமெல்டா,

சுகம் விசாரிக்க நேரமில்லை. நீ உடனே அங்கிருந்து கிளம்பு.

பார்சல் நேற்று வந்தது. நேற்று வியாழன். மண்டபத்துக்கு நேரமாகிவிட்டதால், கடிதத்தை அப்புறம் நிதானமாகப் படிக்கலாம் என்று ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடினேன். புதுத் தட்டு வந்திருக்கிறது என்று பெருமை வேறு அடித்துக்கொண்டேன். அட்டையில் இருப்பதை வழக்கம்போல ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்தேன். ஆர்ட்காரி என்று வாசித்த பிறகுதான் அது உன் ஊர் என்று மண்டையில் ஏறியது. அதற்குள் ஊசி ஓடிக்கொண்டிருந்தது. அப்பா தட்டினார், இமெல்டா. இரண்டு தட்டு.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். அந்தப் பதினோராவது ஆள் டொமினிக். முதல் வாரத்திலிருந்தே வருகிறான், டீ சும்மா கிடைக்கும் இடத்தை அவன் விட்டதில்லை. பின் வரிசையில் உட்கார்ந்து தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருப்பான். நீ பயப்படுவாய் என்று மறைத்தேன். வரவேண்டாம் என்று அவனிடம் சொல்ல எனக்குத் தைரியமில்லை என்பதையும் சேர்த்து மறைத்தேன்.

மெட்டு முடிந்ததும் எழுந்து வந்தான். அட்டையை என் கையிலிருந்து எடுத்து, விரலை வைத்து ஒரு வரியைப் படித்தான். “நல்லா இருக்கு அக்கா. ஒரு வாரம் இரவல் குடுங்க” என்றான். இத்தனை பேர் முன்னால் எப்படி மறுப்பது? தட்டோடு கொடுத்துவிட்டேன்.

அவன் வீட்டில் இசைத்தட்டுப் பெட்டியே கிடையாது.

கிளம்பு. எங்கே போகிறாய் என்று எனக்குக்கூடச் சொல்லாதே.
அட்ராக்டா

*

க்ளூன்கர்
7 பிப்ரவரி 1978

இமெல்டா,

பதினோரு நாளாகிறது, ஒரு வரி இல்லை. நீ கிளம்பிவிட்டதால் எழுதவில்லை என்று பகலில் நினைத்துக்கொள்கிறேன்.

அவன் நேற்று கவுண்டருக்கு வந்து ஸ்டாம்பு வாங்கினான். லார்ன் துறைமுகத்திலிருந்து ஸ்காட்லாந்துக் கப்பல் எந்தெந்தக் கிழமை என்று என்னிடமே கேட்டான். தெரியாது என்றேன். என் பின்னால் சுவரில் அட்டவணை தொங்குகிறது. அதை அவன் படித்தான், படிப்பதை நான் பார்த்தேன். ஆறு மாடு கன்று போட இருக்கிறதாம், அது முடியட்டும் என்றான். மாடுகள்தான் அவனைப் பிடித்து வைத்திருக்கின்றன. தினமும் காலையில் அவன் தொழுவத்தில் என்ன ஆயிற்று என்று டாமியிடம் கேட்கிறேன். இதுவரை நாலு போட்டாயிற்று.

நீ இந்தக் கடிதத்தைப் படிக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டே ஸ்டாம்பு ஒட்டுகிறேன்.
அட்ராக்டா

*

ஆர்ட்காரி
8 பிப்ரவரி 1978

அன்புள்ள அக்கா,

புயலில் பத்து நாள் சாலை மூடிக்கிடந்தது. உன் 27ஆம் தேதிக் கடிதம் இன்றுதான் வந்தது. சுகமாக இருக்கிறோம் என்று எழுதக் கை வரவில்லை, ஆனால் இருக்கிறோம்.

படித்ததும் பெட்டியை எடுத்து ஓர்லாவின் துணிகளை அடுக்கினேன். பாதி அடுக்கும்போது அவள் பள்ளியிலிருந்து வந்தாள். பெட்டியைப் பார்த்தாள். போய்த் தன் செருப்பை மாட்டிக்கொண்டு கதவருகே நின்றாள். அழவில்லை அக்கா. பழகிப்போன ஆள்போல நின்றாள். பெட்டியிலிருந்ததை எல்லாம் திரும்ப எடுத்து வைத்துவிட்டேன்.

நான் போகப்போவதில்லை. ஸ்லைகோ டவுனுக்கு ஒரு தடவை, டப்ளினுக்கு ஒரு தடவை, இங்கே மூன்றாவது. இனி ஓட எனக்கு ஊர் இல்லை. பயம் விட்டுவிட்டது என்று நினைக்காதே. சமையலறை ஜன்னலில் ஆண் நிழல் விழுந்தால் கையில் இருப்பது கீழே விழுகிறது. அந்த அட்டையைப் பார்த்த நாளிலிருந்து மூன்று பீங்கான் தட்டு உடைத்தேன். காலையில் பஸ் வரும் சத்தம் கேட்டால், இறங்குபவர்கள் எல்லோரும் போய்ச் சேரும்வரை எனக்கு மூச்சு வருவதில்லை. கதவுக்கு முட்டாக நாற்காலி வைத்திருக்கிறேன். அவனுக்கு ஒரு நாற்காலி எந்த மூலைக்கு.

அவன் கிளம்பிவிட்டால் ஒரு தந்தி மட்டும் கொடு. ‘அத்தைக்கு உடம்பு சரியில்லை’ என்று அடி. புரிந்துகொள்கிறேன்.

உன் தங்கை

*

க்ளூன்கர்
17 பிப்ரவரி 1978

அன்புள்ள இமெல்டா,

இன்னும் உயிரோடு இருக்கிறேன், அவன் இன்னும் இங்கே இருக்கிறான். நேற்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நேற்று வியாழன். ஆறாவது மாடும் கன்று போட்டுவிட்டது என்று காலையில்தான் டாமி சொல்லியிருந்தான். தவக்காலம் என்பதால் கேக் கிடையாது, டீ மட்டும். அப்படியும் முப்பது பேருக்கு மேல். டொமினிக் கோயிலுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு, கையில் தட்டோடு வந்தான். இன்று பின் வரிசை இல்லை, முன் வரிசை. “இதையே போடுங்க அக்கா. ரெண்டாம் பக்கம், மூணாவது” என்றான்.

போட்டேன். ஊசியை வைக்கும்போது கீறிவிட்டேன். அந்த இரண்டு தட்டு வந்ததும் அவனே எழுந்து ஊசியைத் தூக்கிவிட்டு எல்லோரையும் பார்த்துத் திரும்பினான்.

“இது யார் மெட்டுன்னு உங்களுக்கெல்லாம் தெரியும். அக்காவோட அப்பா லூக் மக்கோல்ட்ரிக் மெட்டு. அவர் வீட்டைத் தாண்டி வெளிய போனதில்ல. இதைக் கடல் தாண்டிக் கொண்டுபோய் யாரு குடுத்திருக்க முடியும்? அக்கா, நீங்களே சொல்லுங்களேன்.”

சிரித்த முகமாகத்தான் கேட்டான். ஊர் முன்னால் என் வாயாலேயே உறுதி செய்துகொள்ள வேண்டும் அவனுக்கு. பிறகு, பெண்டாட்டியை அழைத்துவரப் போகும் நல்ல புருஷனாக எல்லோரும் அவனை வழியனுப்பியிருப்பார்கள். ஆமாம் என்றால் நீ போனாய். இல்லை என்றால் என் முகமே ஆமாம் என்று சொல்லிவிடும்.

பார்ட்லி ஃபீனி எழுந்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

“லூக் மெட்டா? யார் சொன்னா உனக்கு? அது எங்க அம்மா மெட்டு.”

டொமினிக் சிரித்தான். பார்ட்லியின் அம்மா பிடிலையே தொட்டதில்லையே என்றான். வாயால் பாடுவாள், நீ பிறப்பதற்கு முன்னால் என்றார் பார்ட்லி. தன் மெட்டுக்காகத் தம்பியோடு ஒன்பது வருஷம் பேசாத மனுஷர், இமெல்டா. அடுத்தவன் மெட்டைத் தன்னுடையது என்று சொல்வதைவிட ஆட்டைத் திருடிவிடுவார். நான் அவர் கையைப் பார்த்தேன், தொப்பியை முறுக்கிக்கொண்டிருந்தது.

நேன் பின்னலிலிருந்து தலையைத் தூக்காமல், “எங்க மாமனாரும் இதையேதான் வாசிப்பாரு. தலைவலியே வந்துரும்” என்றாள். பால் பண்ணை கணக்கர் தன் பெரியப்பா என்றார். ஹீலி சகோதரிகளில் மூத்தவள் தன் அண்ணன் என்றாள், அவளுக்கு அண்ணனே கிடையாது. டாமி சொன்னான், அவன் மாமியார் சொன்னாள், நான் பெயர் தெரியாத ஒருவர் சொன்னார். பதினேழு பேர் வரை எண்ணினேன். கடைசியில் சின்ன ஃபாதர் எழுந்து, “கார்க்லகூட இது இருக்கு. எங்க வீட்டுப் பக்கம் ரொம்பப் பிரசித்தம்” என்றார். சொன்ன உடனே காது இரண்டும் சிவந்துபோயிற்று.

“சரி, அந்த ரெண்டு தட்டு?” என்றான் டொமினிக். அவன் குரல் மாறியிருந்தது. “அவருக்கு விரல் போனதாலதான அந்தத் தட்டு? உங்க எல்லார் வீட்லயும் விரல் போச்சா?”

பார்ட்லி குதிகாலால் தரையில் இரண்டு தட்டுத் தட்டினார். நேன் தட்டினாள். பிறகு வரிசை வரிசையாக எல்லோரும் தட்டினார்கள், முப்பது ஜோடி பூட்ஸ், பலகைத் தரை. கோப்பைகள் தட்டுகளில் ஆடின. யாரும் சிரிக்கவில்லை. எனக்கு நிம்மதி வரவில்லை இமெல்டா, பயம்தான் வந்தது.

அவன் நம்பவில்லை. ஒரு வார்த்தையைக்கூட நம்பவில்லை. ஆனால் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தான். இவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. எனக்கும் அப்போதுதான். தட்டை நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே போனான். உன் பெயரை யாரும் எடுக்கவில்லை. டீ ஊற்றினார்கள், குடித்தோம்.

இன்று காலை அவன் வண்டி தபால் ஆபீஸ் முன்னால் மெதுவாகப் போயிற்று, நிற்கவில்லை. கப்பலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. போகமாட்டான் என்று நினைக்கிறேன். நினைக்கத்தான் முடியும்.

அட்ராக்டா

*

ஆர்ட்காரி
5 மார்ச் 1978

அன்புள்ள அக்கா,

ஓர்லா சுகம், பல் ஒன்று விழுந்திருக்கிறது. நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். முதல் தடவை சின்ன ஃபாதரின் காதை நினைத்துச் சிரித்தேன். இரண்டாவது தடவை அழுதேன். மூன்றாவது தடவை கோபம் வந்தது, அது இன்னும் போகவில்லை. பதில் எழுத இத்தனை நாளானது அதனால்தான்.

பதினேழு பேர் ஒரே மாலையில் எனக்காகப் பொய் சொன்னார்கள். ஏழு வருஷத்தில் ஒருத்தர்கூட எனக்காக உண்மை சொல்லவில்லை.

என் மணிக்கட்டு உடைந்தபோது மாடு உதைத்தது என்று டாக்டரிடம் சொன்னேன். தோள் எலும்புக்கும் மாடு. விலா எலும்புக்கும் மாடு. பார்ட்லி ஃபீனியின் வீடு இரண்டு வயல் தள்ளி, எங்கள் வீட்டில் கதவு சாத்தினால் அவர் நாய் குரைக்கும். நேன் டர்கின் கோயில் வாசலில் என் கண்ணைப் பார்த்துவிட்டு, நான் வாய் திறப்பதற்கு முன்னால் அவளே “மாடாம்மா?” என்று கேட்டாள், எனக்குச் சிரமம் வைக்கக்கூடாதென்று. டாமி தினமும் கடிதம் கொடுத்தான், தினமும் என் முகத்தைப் பார்த்தான். சின்ன ஃபாதர் அப்போது இல்லை, அவரை விட்டுவிடலாம்.

உன்னை விட முடியவில்லை அக்கா. அந்த நவம்பரில் ஓர்லாவைத் தூக்கிக்கொண்டு மழையில் உன் கதவைத் தட்டினேன். உள்ளே கூப்பிட்டாய், துவட்டிவிட்டாய், டீ கொடுத்தாய். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு நீயே எங்களை அவன் வாசல் வரை கொண்டுவந்து விட்டாய். “என்ன இருந்தாலும் உன் புருஷன்” என்றாய். இதை நாம் எழுதிக்கொண்டதே இல்லை. நீ எழுதுவாய் என்று ஒவ்வொரு கடிதத்திலும் பார்த்தேன்.

நேற்று தலைமையாசிரியையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைக் கான்ஸ்டபிளிடம் கூட்டிப்போனார், அவரிடமும் சொன்னேன். மீன் கடைக்காரி, பஸ் டிரைவர், கொன்னல், எல்லோருக்கும் இப்போது என் பெயர் தெரியும், அவன் பெயர் தெரியும், அவன் எப்படி இருப்பான் என்றும் தெரியும். பயம் அப்படியேதான் இருக்கிறது. ஒளிந்துகொண்டு பயப்படுவதை மட்டும் நிறுத்திவிட்டேன்.

இந்தக் கடிதத்தை வரும் வியாழக்கிழமை மண்டபத்தில் வாசித்துக் காட்டு. அவன் இருந்தாலும் வாசி. ஒரு பெயரையும் விடாதே. உன்னைப் பற்றிய இடத்தையும் விடாதே.

இமெல்டா மக்கோல்ட்ரிக்

*

க்ளூன்கர்
17 மார்ச் 1978

அன்புள்ள இமெல்டா,

கடிதம் வந்த வியாழன் எனக்குத் தைரியம் வரவில்லை. காய்ச்சல் என்று மண்டபத்தைத் திறக்கவில்லை. நேற்று திறந்தேன்.

இசைத்தட்டு போடவில்லை. ‘உன் தங்கை பெயர் என்ன’ என்று யாராவது கேட்டால் தயங்குகிறவள்போல இத்தனை நாள் இருந்துவிட்டு, இது என் தங்கை இமெல்டா எழுதியது என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன். டொமினிக் வந்திருந்தான், மறுபடியும் பின் வரிசை. மாடு என்ற இடத்தில் எழுந்தான். வாசலில் ஹீலி சகோதரிகள் மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தார்கள், நகரவில்லை. நின்றபடியே முழுவதையும் கேட்டான்.

என் இடம் வந்தபோது வாசிப்பதை நிறுத்திவிட்டேன். நேன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் கண்ணும் என் கண்ணும் பார்த்துக்கொள்ளவில்லை. குடித்துவிட்டு, ‘உன்னை விட முடியவில்லை அக்கா’ என்பதிலிருந்து மறுபடி ஆரம்பித்து முடிவு வரை வாசித்தேன். நீ சொன்னது உண்மை. நான்தான் கொண்டுபோய் விட்டேன். அன்று திரும்பி நடக்கும்போதே எனக்குத் தெரியும்.

முடித்துக் கடிதத்தை மடித்தேன். யாரும் எழுந்திருக்கவில்லை, யாரும் டீயைத் தொடவில்லை. பார்ட்லி கையில் தொப்பியோடு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

“இன்னொரு தடவ வாசி, அட்ராக்டா. எங்க பேர் வர்ற எடத்துல மெதுவா.”

வாசித்தேன்.

உன் அக்கா
அட்ராக்டா